‘ஆல் பாஸ்’ இருக்கும்போது வாசிப்பை யார் அளப்பது?

மூன்றாம் வகுப்பு முடிப்பதற்குள் சரளமாக வாசிக்காவிட்டால் பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்திவிடுவார்களா? ஐந்தாம் வகுப்பில் இனி ஃபெயில் உண்டு என்கிறார்களே, அது எங்கள் பள்ளிக்கும் பொருந்துமா? தொடக்க வகுப்புப் பெற்றோரிடையே இந்த இரண்டு கேள்விகளும் ஓயாமல் சுற்றி வருகின்றன. 2019இல் ஒரு சட்டத் திருத்தம், 2020இல் தேசியக் கல்விக் கொள்கை, 2024 டிசம்பரில் ஒன்றிய அரசின் புதிய விதிகள், 2025 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கை என்று அடுத்தடுத்து வந்ததில், எது சட்டம், எது கொள்கை, எது வெறும் இலக்கு என்று பிரித்துப் பார்ப்பதே சிரமமாகிவிட்டது.

சுருக்கமான விடை இது: தமிழ்நாட்டில் 1, 2, 3 வகுப்புகளில் வாசிப்பு வரவில்லை என்பதற்காகப் பிள்ளையை நிறுத்திவைக்கச் சட்டத்தில் இடமில்லை. நிம்மதியான செய்திதான். ஆனால் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் தேர்ச்சி நிச்சயம் என்றால், அந்தத் தேர்ச்சியை வைத்து வாசிப்பைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ள முடியாது. அதைத் தனியாகத்தான் அளக்க வேண்டும். அளவுகோல்கள் இருக்கின்றன, பெற்றோரின் கைக்கு வந்து சேர்வதில்லை.

சட்டம் சொல்வது என்ன?

அடிப்படை ஆவணம் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 16ஆவது பிரிவு முதலில் எழுதப்பட்டபோது, 8ஆம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் எந்த வகுப்பிலும் நிறுத்தக் கூடாது, பள்ளியை விட்டு நீக்கவும் கூடாது என்று மட்டுமே சொன்னது. ‘ஆல் பாஸ்’ என்று நாம் சொல்வது இதைத்தான்.

2019இல் இந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அந்த ஆண்டு மார்ச் 1 முதல் நிலைமை இப்படி:

1. 5, 8 வகுப்புகளின் ஆண்டிறுதியில் முறையான தேர்வு நடத்த வேண்டும்.
2. தேறாத பிள்ளைக்குக் கூடுதலாகச் சொல்லிக்கொடுத்து, முடிவு வெளியான 2 மாதத்துக்குள் மறுதேர்வு வைக்க வேண்டும்.
3. மறுதேர்விலும் தேறாவிட்டால் அதே வகுப்பில் நிறுத்திவைக்கப் பள்ளிகளை ‘உரிய அரசு’ (பள்ளியைப் பொறுத்து ஒன்றிய அரசு அல்லது மாநில அரசு) அனுமதிக்கலாம். வேண்டாம் என்று முடிவெடுக்கவும் அந்த அரசுக்கு உரிமை உண்டு.
4. என்ன ஆனாலும் 8ஆம் வகுப்பு முடியும்வரை பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது.

இதில் 1 முதல் 4 வரையிலான வகுப்புகளுக்கு நிறுத்திவைக்கும் பேச்சே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2019இல் 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்தது. கடும் எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டது. ஒன்றிய அரசு 2024 டிசம்பரில் தன் பள்ளிகளுக்கான விதிகளைத் திருத்தியபோதும், 8ஆம் வகுப்புவரை தேர்ச்சி என்ற நடைமுறையே இங்கே தொடரும் என்று மாநிலப் பள்ளிக் கல்வி அமைச்சர் அறிவித்தார்.

‘3, 5, 8’ என்ற குழப்பம் எங்கிருந்து வந்தது?

தேசியக் கல்விக் கொள்கை 2020 இதே வரிசையில் மூன்று வகுப்புகளைச் சொல்கிறது: 3, 5, 8 வகுப்புகளில் மாணவர்கள் அனைவரும் ஒரு தேர்வு எழுத வேண்டும் என்பது அதன் பரிந்துரை. மூன்றாம் வகுப்பில் அடிப்படை எழுத்தறிவையும் எண்ணறிவையும் சோதிப்பார்கள். அந்த முடிவுகள் பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்த்துச் சரிசெய்வதற்கானவை. பிள்ளையை நிறுத்துவதற்கான தேர்வு என்று கொள்கை சொல்லவில்லை. அதோடு, கொள்கை என்பது சட்டமும் அல்ல.

சட்டத்தில் இருப்பது 5, 8. கொள்கையில் இருப்பது 3, 5, 8. செய்திகளில் இரண்டும் ஒன்றாகக் கலந்து ‘மூன்றாம் வகுப்பிலேயே ஃபெயில்’ என்று வந்துவிடுகிறது. ஒரு பள்ளி மூன்றாம் வகுப்பில் நிறுத்துவதற்குப் பெற்றோரிடம் ஒப்புதல் கடிதம் கேட்டால், எந்தச் சட்டப் பிரிவின்படி என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். காட்டுவதற்கு ஒரு பிரிவும் கிடையாது. பெற்றோரின் கையெழுத்து இருக்கிறது என்பதற்காகச் சட்டம் தடுப்பதைப் பள்ளி செய்துவிட முடியாது.

உங்கள் பள்ளிக்கு எந்த விதி?

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். சிபிஎஸ்இ பாடத்திட்டம் என்றாலே ஒன்றிய அரசின் விதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். சட்டம் பாடத்திட்டத்தைப் பார்ப்பதில்லை. பள்ளி யாருடையது என்று பார்க்கிறது.

ஒன்றிய அரசு நிறுவிய, அதன் உடைமையாக உள்ள அல்லது அதன் கட்டுப்பாட்டில் இயங்கும் பள்ளிகளுக்கு ஒன்றிய அரசுதான் ‘உரிய அரசு’. கேந்திரிய வித்யாலயாக்கள் இதில் வரும். 2024 டிசம்பர் விதிகளின்படி அங்கே 5, 8 வகுப்புகளில் மறுதேர்விலும் தேறாத பிள்ளை அதே வகுப்பில் நிற்க நேரிடும். அப்படி நின்றால் வகுப்பாசிரியர் பிள்ளைக்கும், தேவைப்பட்டால் பெற்றோருக்கும் வழிகாட்ட வேண்டும். தலைமையாசிரியர் அத்தகைய பிள்ளைகளின் பட்டியலை வைத்துத் தாமே கண்காணிக்க வேண்டும். தேர்வும் மறுதேர்வும் மனப்பாடத்தைச் சோதிப்பதாக இருக்கக் கூடாது. இவ்வளவும் அதே விதிகளில் இருக்கின்றன. கேந்திரிய வித்யாலயாவில் பிள்ளை படித்தால் இந்த மூன்றையும் கேட்டுப் பெறலாம். சைனிக் பள்ளிகளுக்கும் இதே விதிதான்; அங்கே சேர்க்கையே 6ஆம் வகுப்பில் தொடங்குவதால் 8 மட்டும் கணக்கு. நவோதயா பள்ளி தமிழ்நாட்டில் இல்லவே இல்லை.

மற்ற எல்லாவற்றுக்கும், அதாவது அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, மெட்ரிக், தனியார் நடத்தும் சிபிஎஸ்இ ஆகியவற்றுக்கு, மாநில அரசே உரிய அரசு. எனவே மாநிலத்தின் முடிவே அங்கே பொருந்தும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. உங்கள் பள்ளி சிறுபான்மைத் தகுதி பெற்றதா என்பதைச் சேர்க்கையின்போதே கேட்டுவிடுவது நல்லது.

அப்படியானால் வாசிப்புக்கு அளவு எது?

நிறுத்திவைப்பதற்கு அளவில்லை, ஆனால் எட்ட வேண்டிய நிலைக்கு அளவு இருக்கிறது. ஒன்றிய அரசு 2021 ஜூலையில் தொடங்கிய, அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான நிபுண் பாரத் திட்டம் வகுப்புவாரியாகச் சொல்லும் இலக்குகள் இவை:

- முன்பருவக் கல்வி: எழுத்தையும் அதன் ஒலியையும் அறிதல், 2, 3 எழுத்துள்ள எளிய சொற்களை வாசித்தல்.
- 1ஆம் வகுப்பு: முன்பு பார்த்திராத, வயதுக்கேற்ற பகுதியிலிருந்து 4, 5 எளிய சொற்கள் கொண்ட சிறு வாக்கியங்களை வாசித்தல்.
- 2ஆம் வகுப்பு: நிமிடத்துக்கு 45 முதல் 60 சொற்கள், பொருள் புரிந்து.
- 3ஆம் வகுப்பு: நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்கள், பொருள் புரிந்து.

தமிழ்நாட்டின் திட்டம் ‘எண்ணும் எழுத்தும்’. 2022 ஜூன் 13 அன்று 1 முதல் 3 வகுப்புகளுக்குத் தொடங்கி, பிறகு 4, 5 வகுப்புகளுக்கும் விரிந்தது. எட்டு வயதுக்குள் பிள்ளைகள் புரிந்து வாசிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பதே அதன் இலக்கு. இதில் பிள்ளைகளை வகுப்பை வைத்துப் பார்க்காமல், கற்றல் நிலையை வைத்து அரும்பு (1ஆம் வகுப்பு நிலை), மொட்டு (2ஆம் வகுப்பு நிலை), மலர் (3ஆம் வகுப்பு நிலை) என்று மூன்றாகப் பார்க்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அரும்பு நிலையில் இருக்கலாம். வருகைப் பதிவேட்டில் 3, வாசிப்பில் 1. இந்த இடைவெளியைத்தான் தேர்ச்சி அட்டை காட்டுவதில்லை.

இடைவெளி எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் எண் போதும். பிரதம் தொண்டு நிறுவனம் வீடு வீடாகச் சென்று கற்றலை அளக்கும் அசர் ஆய்வின் 2024ஆம் ஆண்டுப் பதிப்பில், நாடு முழுவதும் ஊரகப் பகுதிகளில் 3ஆம் வகுப்புப் பிள்ளைகளில் 27.1 சதவீதத்தினரால் மட்டுமே 2ஆம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது. மீதிப் பேரும் தேர்ச்சி பெற்றுத்தான் 3ஆம் வகுப்புக்கு வந்திருந்தார்கள்.

60 சொல் என்பதைத் தமிழில் அப்படியே எடுக்கலாமா?

எடுக்கக் கூடாது. தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ‘பள்ளிக்கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்தான்’ என்பது எண்ணிக்கையில் இரண்டே சொல். இதையே இந்தியிலோ ஆங்கிலத்திலோ சொன்னால் ஐந்தாறு சொல்லாகிவிடும். ‘அவன் ஒரு பழம் தின்றான்’ போன்ற வரிகளில் 60 சொல்லை எட்டும் பிள்ளை, நீண்ட சொற்கள் நிறைந்த பகுதியில் 30ஐத் தாண்டாமல் இருக்கலாம். அதற்காகப் பிள்ளை பின்தங்கிவிட்டது என்று பொருளல்ல. 2022இல் ஒன்றிய அரசின் கல்வி ஆராய்ச்சி நிறுவனமான என்சிஇஆர்டி 20 மொழிகளில் 3ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்வும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி வேக அளவையே வைத்தது.

ஆகவே எண்ணை இரண்டு விதமாக மட்டும் பயன்படுத்துங்கள். ஒன்று, அதே கடினத்தில் உள்ள பகுதிகளைக் கொடுத்து, ஆறு வாரத்துக்கு முன்பிருந்ததைவிட ஏறியிருக்கிறதா என்று பார்க்க. இரண்டு, மிகக் குறைவாக இருந்தால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள. 2ஆம் வகுப்பு முடியும் தறுவாயில் எளிய தமிழ்ப் பகுதியில் நிமிடத்துக்குப் பத்துச் சொல்கூட வரவில்லை என்றால் எந்த மொழியின் அளவுகோலும் அதை ஏற்காது.

மதிப்பெண் அட்டையில் ஏன் தெரிவதில்லை?

2012–13 முதல் தமிழ்நாட்டில் 8ஆம் வகுப்புவரை முப்பருவ முறை நடைமுறைக்கு வந்தது. செயல்பாடுகளுக்கும் சிறுதேர்வுகளுக்குமான வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதியில் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். முறையில் குறையில்லை. ஆனால் கையெழுத்து, பாட்டு, படம் ஒட்டுவது, கேள்விக்கு வாய்மொழி விடை எல்லாம் சேர்ந்து ‘தமிழ்’ என்ற ஒரே தரநிலைக்குள் போய்விடுகின்றன. போதாததற்கு, சின்ன வகுப்புத் தேர்வுகளில் கேள்வியை ஆசிரியரே வாசித்துச் சொல்வதுண்டு. கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து அழகாக எழுதும் பிள்ளை, ஒரு வரியும் வாசிக்கத் தெரியாமலே நல்ல தரநிலை வாங்கிவிட முடியும். நோட்டுப் புத்தகம் நிறைந்திருக்கிறதே என்று திருப்தியடையும் பெற்றோர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

வீட்டிலேயே ஒரு நிமிடச் சோதனை

இதற்கு வேண்டியது ஒரு கதைப் பகுதி, கைபேசிக் கடிகாரம், பென்சில்.

1. பிள்ளை இதுவரை பார்க்காத பகுதியைத் தேர்ந்தெடுங்கள். பாடப்புத்தகம் கூடவே கூடாது. வகுப்பில் கூட்டாகச் சொல்லிச் சொல்லி மனப்பாடமாகியிருக்கும். 2ஆம் வகுப்புப் பிள்ளைக்கு 60 முதல் 80 சொல் உள்ள பகுதி போதும்.
2. இரண்டு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று பிள்ளைக்கு, ஒன்று நீங்கள் குறிப்பதற்கு.
3. ‘வேகமாகப் படி’ என்று சொல்லாதீர்கள். ‘எனக்குக் கதை புரியும்படி வாசி’ என்றால் போதும்.
4. ஒரு சொல்லில் 3 நொடிக்கு மேல் நின்றால் நீங்களே சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த சொல்லுக்கு நகர்த்துங்கள். அந்தச் சொல் தவறுக் கணக்கில் சேரும்.
5. விட்டுவிட்ட சொல், வேறு சொல்லாக வாசித்தது, நீங்கள் சொல்லிக்கொடுத்தது மூன்றும் தவறு. பிள்ளை தானாகத் திருத்திக்கொண்டது தவறில்லை. திரும்ப வாசித்ததும் தவறில்லை. வீட்டில் ‘மளை’ என்று பேசும் பிள்ளை ‘மழை’யை அப்படி வாசித்தால் அதுவும் தவறில்லை.
6. ஒரு நிமிடம் முடிந்த இடத்தில் கோடு போடுங்கள். அதுவரை 38 சொல், அதில் 5 தவறு என்றால் கணக்கு 33.
7. நேரம் முடிந்தாலும் பகுதியை முடிக்க விட்டு, மூன்று கேள்வி கேளுங்கள். இரண்டு, கதையில் நேராக உள்ளதாக இருக்கட்டும். ஒன்று, ‘ஏன் அப்படிச் செய்தாள்?’ என்பதுபோல யோசித்துச் சொல்வதாக இருக்கட்டும்.

மனப்பாடமா வாசிப்பா என்று சந்தேகம் வந்தால், ஒரு வரியைக் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வாசிக்கச் சொல்லுங்கள். மனப்பாடம் அங்கேயே நின்றுவிடும்.

எண்ணைவிடத் தவறு பேசும்

வேகம் எவ்வளவு என்பதைவிட எந்தத் தவறு திரும்பத் திரும்ப வருகிறது என்பதே பயனுள்ள தகவல். ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்:

‘மீனா கொய்யா மரத்தின் கீழே பூனைக்குட்டியைப் பார்த்தாள்.’

பிள்ளை வாசித்தது: ‘மினா… கெய்யா… மரத்தன்… கீழே… ப… பனை… பாத்தா.’

பார்த்தவுடன் ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று தோன்றும். ஒவ்வொன்றாகப் பார்த்தால் அப்படியில்லை. ‘மரத்தின்’ என்பதில் மேல்விலங்கு கண்ணில் படவில்லை. ‘மீனா’வில் அதன் சுழி படவில்லை. ஆக, இகர ஈகாரக் குறிகள் இன்னும் பிடிபடவில்லை. ஆனால் ‘கீழே’ சரியாக வந்துவிட்டது. அடிக்கடி பார்த்த சொல் என்பதால் முழுச் சொல்லாகவே மனத்தில் நிற்கிறது. ‘கொய்யா’ ‘கெய்யா’ ஆனது வேறு சிக்கல். ‘கொ’வில் கொம்பு முன்னே, கால் பின்னே, நடுவில் எழுத்து, கண் முதலில் கொம்பைப் பார்த்து ‘கெ’ என்று முடிவு செய்துவிடுகிறது, காலைச் சேர்க்க மறந்துவிடுகிறது. ‘பூனைக்குட்டியை’ நீளமான சொல், அதன் முதல் எழுத்து ஊகாரம். பிள்ளை தெரிந்த எழுத்துகளைப் பொறுக்கி ‘பனை’ என்று ஊகித்திருக்கிறது. கடைசியில் ‘பாத்தா’ என்றது தவறே அல்ல. சொல்லைப் புரிந்துகொண்டு பேச்சுத் தமிழில் சொல்லியிருக்கிறது. இதைப் போய்த் திருத்தி, திட்டி, வாசிப்பின் மீதே வெறுப்பு வரவைப்பவர்கள் உண்டு.

உகர, ஊகார எழுத்துகளில் பிள்ளைகள் தடுக்கி விழுவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஆகாரத்துக்கு ஒரே கால், ஏகாரத்துக்கு ஒரே இரட்டைக்கொம்பு. உகரத்துக்கு அப்படி ஒரே குறி கிடையாது. கு, டு, மு, ரு ஒரு வகை. சு, பு, யு, வு ஒரு வகை. து, நு, லு, று ஒரு வகை. ஊகாரத்தில் ‘கூ’ தனி வடிவம். இந்த 36 எழுத்துகளையும் வடிவ வகைப்படி தனியாகப் பழக்க வேண்டும். 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிக்க வைப்பது இதற்கு உதவாது. வரிசையில் சரளமாகச் சொல்லும் பிள்ளையிடம் ‘லு’வைத் தனியாகக் காட்டினால் ‘ல, லா, லி’ என்று முதலிலிருந்து எண்ணிக்கொண்டு வந்துதான் சொல்லும்.

இன்னொரு தடை ஒற்றெழுத்து. படம், பட்டம். பல, பல். புள்ளியை விட்டுவிட்டு வாசித்தால் பொருளே மாறிவிடும். ஒரே ‘க’ கடல், தங்கம், அகம் மூன்றிலும் மூன்று விதமாக ஒலிப்பதும் எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளையைக் குழப்பும். ‘த-ங்-க-ம்’ என்று கூட்டிவிட்டு ‘தங்கம்’ என்ற சொல்லைப் பிடிக்க முடியாமல் விழிக்கும். சொல்லை முழுதாகச் சொல்லிக் காட்டி, பிறகு எழுத்தைக் காட்டுவதுதான் அங்கே கைகொடுக்கும்.

சோதனை முடிவை வைத்து என்ன செய்வது?

எழுத்தைச் சொல்லாக்குவதும் சொல்லின் பொருளை அறிவதும் என இரண்டும் சேர்ந்ததே வாசிப்பு. ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். இதை வைத்து நான்கு விதமாகப் பிரிக்கலாம்.

எழுத்திலேயே தடுமாறினால், எந்தெந்தக் குறிகள் வரவில்லை என்று பட்டியல் எடுங்கள். வாரத்துக்கு இரண்டு குறி போதும். அந்தக் குறி வரும் சொற்களை மட்டும் எழுதி, நாளுக்கு 15 நிமிடம். ஞாயிறு மூன்று மணி நேரம் உட்கார வைப்பதில் பயனில்லை.

மெதுவாக வாசித்தாலும் கேள்விக்குச் சரியாக விடை சொன்னால், குறைவது பழக்கம் மட்டுமே. ஒரே பகுதியை முதலில் நீங்கள் வாசித்துக் காட்டி, பிறகு இருவரும் சேர்ந்து, பிறகு பிள்ளை மட்டும் என்று மூன்று நான்கு முறை வாசிக்க வையுங்கள். மறுநாள் புதுப்பகுதி.

வேகமாக வாசித்தும் ஒரு கேள்விக்கும் விடை வரவில்லை என்றால் சிக்கல் எழுத்தில் இல்லை, மொழியில். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கில வழி என்ற நிலையில் இது சர்வசாதாரணம். ஆங்கிலப் புத்தகத்தைக் கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளையைப் பார்த்துப் பெருமைப்படும் முன், அதே கதையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லை என்றால், நடந்தது உச்சரிப்புப் பயிற்சி மட்டுமே. இந்தப் பிள்ளைக்கு வேண்டியது கூடுதல் எழுத்துப் பயிற்சி அல்ல. கதை கேட்பது, பேசுவது, புதுச் சொற்கள்.

நான்காவது, இரண்டுமே வரவில்லை என்ற நிலை. அப்போது வீட்டு முயற்சி மட்டும் போதாது. பள்ளிக்குப் போக வேண்டும்.

பள்ளியில் கேட்க வேண்டியவை

‘எப்படிப் படிக்கிறான்?’ என்று கேட்டால் ‘நல்லாப் படிக்கிறான், கொஞ்சம் கவனிக்கணும்’ என்ற விடைதான் வரும். கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும்.

1. தமிழில் இப்போது அரும்பா, மொட்டா, மலரா? பருவத் தொடக்கத்தில் எதில் இருந்தாள்? எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் ஆசிரியர்கள் இதைக் கைபேசிச் செயலியில் பதிவு செய்கிறார்கள், காட்டச் சொல்லலாம்.
2. எந்த எழுத்துகள், குறிகள் வரவில்லை?
3. அதற்கு வகுப்பில் தனியாக என்ன செய்கிறீர்கள், வாரத்தில் எத்தனை முறை?
4. மறுபடி எப்போது சோதிப்பீர்கள்?

இது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனை மதிப்பிட்டுத் தேவையான கூடுதல் பயிற்சி தருவதும், பெற்றோரைத் தொடர்ந்து சந்தித்துப் பிள்ளையின் முன்னேற்றத்தைச் சொல்வதும் ஆசிரியரின் கடமைகள் என்று அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு சொல்கிறது. ஆல் பாஸ் பற்றிப் பேசும் எல்லோருக்கும் 16ஆவது பிரிவு தெரிந்திருக்கிறது. 24ஆவது பிரிவை யாரும் எடுப்பதில்லை. இந்த இரண்டும் சேர்ந்துதான் சட்டம்: நிறுத்தாதே, ஆனால் கவனி. முதல் பாதியை மட்டும் நடைமுறைப்படுத்தியதன் விளைவைத்தான் 8ஆம் வகுப்பு ஆசிரியர்கள் சுமக்கிறார்கள்.

அரசுப் பள்ளியில் பதில் கிடைக்காவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுப்பலாம். அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும் என்பது விதி. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

அதே வகுப்பில் இன்னொரு வருடம் போடலாமா?

‘அடித்தளம் பலமாகட்டும்’ என்று பெற்றோரே கேட்பதுண்டு. சட்டப்படி முடியாது என்பது ஒருபுறம் இருக்கட்டும். முதல் வருடம் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்களோ அப்படியே இரண்டாம் வருடமும் சொல்லிக்கொடுத்தால் வேறு பலன் வர வழியில்லை. கூடப் படித்தவர்கள் மேலே போய்விட்டார்கள் என்ற கூச்சம்தான் மிஞ்சும்.

வாசிப்பைத் தேர்ச்சிக்கு நிபந்தனையாக வைத்த இடங்களையும் பார்க்கலாம். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலம் 2002இலும் மிசிசிப்பி 2013இலும் 3ஆம் வகுப்பில் இப்படிச் சட்டம் கொண்டுவந்தன. மிசிசிப்பியில் வாசிப்பு மதிப்பெண் உயர்ந்தது உண்மை. ஆனால் அங்கே சட்டத்தோடு மழலையர் வகுப்பிலிருந்தே ஆண்டுக்கு மூன்று முறை சோதனை, பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர்கள், ஆசிரியர்களுக்கு எழுத்து-ஒலி முறையில் மறுபயிற்சி எல்லாம் வந்தன. எதனால் உயர்ந்தது என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. மிச்சிகன் 2016இல் இதே போன்ற சட்டம் இயற்றி, 2023இல் நிறுத்திவைக்கும் பகுதியை மட்டும் நீக்கிவிட்டு, கூடுதல் பயிற்சியை வைத்துக்கொண்டது. நிறுத்தும் பகுதியை மட்டும் இங்கே இறக்குமதி செய்யச் சொல்பவர்கள், அதோடு வந்த செலவுப் பட்டியலையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

முயன்றும் வரவில்லை என்றால்

முதலில் கண்ணும் காதும். கரும்பலகை தெரியாத பிள்ளையும், ல, ள வேறுபாடு காதில் விழாத பிள்ளையும் ‘மந்தம்’ என்று பெயர் வாங்குவது இன்றும் நடக்கிறது.

அவை சரியாக இருந்து, ஆறு மாதம் ஒழுங்காகப் பயிற்சி தந்தும் எழுத்து நிற்கவில்லை, நேற்று தெரிந்தது இன்று மறக்கிறது, பேச்சில் கெட்டிக்காரன் என்றால் டிஸ்லெக்சியா (எழுத்தை வாசிப்பதில் தொடரும் தடுமாற்றம்) போன்ற கற்றல் குறைபாடா என்று பார்க்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இதை அங்கீகரிக்கிறது. 2018 ஜனவரியில் வந்த ஒன்றிய அரசின் வழிகாட்டுதல்படி, 3ஆம் வகுப்பு அல்லது 8 வயது, இதில் எது முன்னதோ அப்போது பள்ளியிலேயே ஆசிரியர் முதற்கட்டச் சோதனை செய்ய வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரை அணுகலாம்.

சான்றிதழ் 8 வயது நிறைந்த பிறகே கிடைக்கும்; 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி மதிப்பீடு செய்து புதுப்பிக்க வேண்டும். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்கு இதுவே அடிப்படை. மதிப்பீட்டுக்குப் போகும்போது வீட்டில் எடுத்த ஒரு நிமிடச் சோதனைத் தாள்களைத் தேதியோடு கொண்டுபோங்கள். எந்தக் குறிகளில் எத்தனை மாதமாகத் தவறு தொடர்கிறது என்பது மதிப்பிடுபவருக்கு முதல் சந்திப்பிலேயே தெரிந்துவிடும்.